சாணை பிடித்த எண்ட் மில் ஏன் சீக்கிரம் மழுங்குகிறது?

கேள்வி: மூன்று சி.என்.சி. மில்லிங் மெஷின்கள் ஓட்டும் சிறிய பட்டறை எங்களுடையது. பெரும்பாலும் நடுத்தரக் கார்பன் எஃகு வேலை. 12 மில்லி, நான்கு ஃப்ளூட் (உலோகச் சுருள் வெளியேறும் பள்ளம்) கார்பைடு எண்ட் மில்லும் (பக்கவாட்டிலும் முனையிலும் வெட்டும் கட்டர்), எம்10 மரைக்கு முன்துளை போடும் 8.5 மில்லி கார்பைடு ட்ரில்லும்தான் அதிகம் செலவாகின்றன. மழுங்கியவற்றைச் சேர்த்து வைத்து வெளியே சாணைக்கு அனுப்பினோம். எண்ட் மில்கள் 11.6 மில்லியாகத் திரும்பி வந்தன. புதிய டூலின் மூன்றில் ஒரு பங்குகூட உழைக்கவில்லை. ஸ்லாட்டில் (நீள்பள்ளத்தில்) இறக்கினால் அதிர்கின்றன, இரண்டு உடைந்தே போயின. ட்ரில் போட்ட துளை 8.75 வரை பெருத்துவிடுகிறது. எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) மாட்யூல் கட்டர் (கியர் பல் வெட்டும் கட்டர்) ஒன்றைச் சாணை பிடித்த பிறகு கியர் பல்லின் வடிவமே மாறிவிட்டது. சாணை வீண் செலவா? நாங்களே ஒரு டூல் கிரைண்டர் வாங்கலாமா? நாற்பதுக்கு மேல் பழைய டூல்கள் டப்பாவில் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

பதில்:

வீண் செலவு இல்லை. உங்கள் டூல்கள் சாணைக்குப் போகும்போதே மிகவும் தாமதமாகிவிட்டது என்பதுதான் முதல் கோளாறு. 12 மில்லி 11.6 ஆகத் திரும்பியதே அதற்குச் சாட்சி. எப்படி என்று ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். இந்தக் கணக்கு பிடிபட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

எண்ட் மில்லின் வெட்டு விளிம்புக்குப் பின்னால், ஜாபை (வெட்டப்படும் பொருளை) உரசாமல் இருக்க, ஒரு சரிவு இருக்கிறது. அதுதான் ரிலீஃப். 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். டூல் தேயும்போது இந்தச் சரிவில் பளபளவென்று ஒரு பட்டை விழும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தால், டூலின் மேல்பூச்சான கோட்டிங்கின் கருநிறத்துக்கும் விளிம்புக்கும் நடுவே வெள்ளி நூல் ஓடுவது போலத் தெரியும். அந்தப் பட்டையின் அகலம் 0.3 மில்லி என்றால், விளிம்பு உள்வாங்கிய ஆழம் 0.3 மில்லி அல்ல. 0.3-ஐ 10 டிகிரியின் டேஞ்சன்டான 0.176-ஆல் பெருக்கினால் வரும் 0.053 மில்லிதான். சரிவை அதன் போக்கிலேயே அவ்வளவு பின்னுக்குத் தள்ளித் தேய்த்தால் புது விளிம்பு கிடைத்துவிடும். அடியில் மறைந்திருக்கும் நுண்விரிசலும் போக இன்னும் 0.04 அல்லது 0.05 சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 0.1, விட்டத்தில் 0.2. அதாவது 0.3 மில்லி தேய்ந்த 12 மில்லி எண்ட் மில் 11.8 ஆகத் திரும்ப வேண்டும்.

உங்களுடையது 11.6. ஒரு பக்கம் 0.2 மில்லி எடுத்திருக்கிறார்கள். பாதுகாப்புக்காக எடுத்ததைக் கழித்தால் சேதத்தின் ஆழம் சுமார் 0.16. தேய்மானத்தால் மட்டும் அந்த ஆழம் வந்திருந்தால் பட்டையின் அகலம் 0.9 மில்லி இருந்திருக்கும். அவ்வளவு மழுங்கிய டூல் எஃகில் அமைதியாக ஓடியிருக்காது. ஆகவே விளிம்பு எங்கோ பெயர்ந்திருக்கிறது. தேய்மானப் பட்டை 0.3 அகலத்தைத் தாண்டியதும் உரசல் கூடி, சூடு கூடி, விளிம்பு பொடிப்பொடியாகப் பெயர ஆரம்பிக்கும். பெயர்ந்த குழியின் அடிவரை நான்கு பற்களையும் ஒரே அளவுக்கு இறக்கினால்தான் டூல் வட்டமாகும். ஒரே ஒரு பல் அரை மில்லி ஆழம் பெயர்ந்தாலும் விட்டத்தில் ஒரு மில்லிக்கு மேல் போய்விடும். ஐந்து சாணைக்கான சதை ஒரே பெயர்ப்பில் தீர்ந்துபோகிறது.

எனவே முதல் வேலை உங்கள் மெஷினில்தான். டூலின் தேய்மானம் ஒரே சீராக நடப்பதில்லை. புதிதில் சில நிமிடம் சட்டென்று கொஞ்சம் தேயும், பிறகு நெடுநேரம் நிதானமாகப் போகும், கடைசியில் திடீரென்று வேகம் பிடிக்கும். அந்தக் கடைசி வேகம் தொடங்குவதற்கு முன் டூலைக் கழற்ற வேண்டும். ஒரு புது எண்ட் மில்லை எடுத்து, ஒரே ஜாபில், இருபது உருப்படிக்கு ஒரு தடவை கழற்றாமலே கைக்கண்ணாடியில் பார்த்துப் பட்டையின் அகலத்தைக் குறித்து வாருங்கள். 0.2 ஆனபோது எத்தனை உருப்படி, 0.3 ஆனபோது எத்தனை என்று தெரிந்துவிடும். 0.2-க்கும் 0.25-க்கும் இடையில் வரும் எண்ணிக்கையை கன்ட்ரோலரின் டூல் லைஃப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். அந்த எண்ணிக்கை முடிந்ததும், நன்றாக வெட்டிக்கொண்டிருந்தாலும் சரி, டூல் வெளியே வர வேண்டும். ஆபரேட்டர்களை இதற்குச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம். "இன்னும் ஓடுதே சார்" என்பார்கள். இன்னும் ஓடுகிற நிலையில் இருக்கும்போதுதான் அது சாணைக்குத் தகுதியான டூல்.

வேலை மாறிக்கொண்டே இருக்கும் பட்டறையில் எண்ணிக்கை ஒத்துவராது. அங்கே ஸ்பிண்டில் (டூலைச் சுழற்றும் தண்டு) லோடு மீட்டரைப் பாருங்கள். புது டூலில் ஒரு வெட்டுக்கு என்ன காட்டியதோ, அதே வெட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடினால் கழற்றலாம். ஜாபின் மேல்விளிம்பில் பிசிறு தடிக்கத் தொடங்குவதும் நல்ல அடையாளம்.

அடுத்தது ஸ்லாட்டில் வந்த அதிர்வு. வெளிவிட்டத்தை மட்டும் தேய்த்துவிட்டு ஃப்ளூட்டைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள் என்பதே என் ஊகம். 12 மில்லி டூலின் நடுத்தண்டு 7.2 மில்லி என்றால் ஃப்ளூட்டின் ஆழம் 2.4. விட்டம் 11.6 ஆனதும் ஆழம் 2.2. இரண்டாவது சாணையில் 11.2 ஆனால் 2.0. சுருள் தங்கும் இடம் ஒவ்வொரு முறையும் குறுகுகிறது. பக்கவாட்டு வெட்டில் சுருள் வெளியே தெறித்துவிடும், பாதிப்பு தெரியாது. ஸ்லாட்டில் சுருளுக்குப் போக வழியில்லை. அது நெருக்கி, மறுபடி வெட்டுப்பட்டு, ஒரு கட்டத்தில் டூலை முறித்துவிடும். உடைந்த இரண்டும் ஸ்லாட்டில்தான் உடைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் நடந்திருக்கலாம். விளிம்புக்குப் பின்னால் குறுகலான முதல் சரிவு, அதற்குப் பின்னால் இன்னும் செங்குத்தான இரண்டாவது சரிவு என்று இரண்டு இருக்கும். முதல் சரிவை மட்டும் தேய்த்தால் அதன் அகலம் கூடிக்கொண்டே போகும், அதன் பின்பகுதி ஜாபில் உரசும். உரசினால் அதிர்வும் சூடும் சேர்ந்தே வரும். விட்டத்தை இறக்கினால் இரண்டாவது சரிவையும் இறக்கியே ஆக வேண்டும். உங்கள் டூல்கள், அதிர்வைக் குறைப்பதற்காகப் பற்களைச் சமமில்லாத இடைவெளியில் வைத்துச் செய்த வகையா என்றும் பாருங்கள். முனையை நேராகப் பார்த்தால் பற்களுக்கு நடுவே எதிரெதிர் இடைவெளிகள் ஒரு ஜோடி குறுகியும் ஒரு ஜோடி அகன்றும் தெரியும். அந்த வகையைச் சாணை பிடிக்கும் மெஷின் ஒவ்வொரு பல்லையும் புரோபால் தொட்டு இடம் கண்டுபிடிக்க வேண்டும். 90 டிகிரிக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தால் ஒரு பல்லில் அதிகமும் இன்னொன்றில் குறைவுமாகப் போகும்.

ஸ்லாட் வேலைக்கு விட்டத்தை இறக்காமலே வேறு வழி இருக்கிறது, அதையே நான் முதலில் சிபாரிசு செய்வேன். ஸ்லாட் போடும் எண்ட் மில்லின் அடியில் 8 அல்லது 10 மில்லி உயரம்தான் வேலை செய்கிறது. அதற்கு மேலே உள்ள விளிம்பு தொடப்படாமல், கோட்டிங்கோடு புதிதாகவே இருக்கிறது. ஃப்ளூட் நீளம் 26 மில்லி என்றால், அடி 10 மில்லியை மெல்லிய டயமண்ட் வீலால் அறுத்து எறிந்துவிட்டு, மீதி 16 மில்லியில் முனைப் பற்களைப் புதிதாக உருவாக்கலாம். விட்டம் 12 ஆகவே இருக்கும், பக்கவாட்டில் கோட்டிங்கும் இருக்கும். முனையில் சுருள் வெளியேறும் பள்ளம், முனைச் சரிவு, நடுவை நோக்கி ஒன்று முதல் ஒன்றரை டிகிரி உட்சாய்வு, நடுவரை எட்டும் இரண்டு பற்கள், கார்னர் ரேடியஸ் (மூலையின் உருட்டல்) ஆகிய அத்தனையும் திரும்ப வேண்டும். உட்சாய்வை விட்டுவிட்டால் ஸ்லாட்டின் அடித்தளம் கீறலாக வரும். நடுப்பற்கள் எட்டாவிட்டால் நேராகக் கீழே இறக்கும்போது நடுவில் ஒரு குச்சி மிஞ்சி டூலை முட்டும். கார்னர் ரேடியஸைக் கேட்டு வாங்காவிட்டால் கூர்மூலையாகக் கொடுத்துவிடுவார்கள். கூர்மூலைதான் எஃகில் முதலில் பெயரும்.

விட்டம் குறைந்த டூலை மெஷினில் போடும்போது உங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதும் உண்டு. டூலின் விட்டத்தை மெஷினே கணக்கில் எடுக்கும் ஜி41, ஜி42 போட்டு எழுதிய புரோகிராம் என்றால் அளந்த விட்டத்தை ஆஃப்செட்டில் போட்டால் போதும். டூலின் நடுப்பாதையைக் கணக்கிட்டு கேம் சாஃப்ட்வேர் கொடுத்த புரோகிராம் என்றால் புது விட்டத்துக்குத் திரும்ப எடுக்க வேண்டும். ஒரே ஓட்டத்தில் 12 மில்லி ஸ்லாட் போடும் வேலைக்கு 11.8 டூல் உதவாது. அதைப் பக்கவாட்டு வெட்டுக்கும் ரஃபிங்குக்கும் (முதல் முரட்டு வெட்டு) ஒதுக்குங்கள். ஷாங்கில் (டூலின் பிடிதண்டில்) லேசரால் விட்டத்தையும் எத்தனையாவது சாணை என்பதையும் பொறித்துத் தரச் சொல்லுங்கள். 12 என்று அச்சடித்த ஷாங்கோடு 11.8 டூல் ராக்கில் நின்றால், இரவு ஷிப்டில் ஒருநாள் ஜாப் ரிஜெக்ட் ஆகும்.

இப்போது ட்ரில். 8.75 துளை சாதாரண விஷயமில்லை. எம்10, 1.5 பிட்ச் மரைக்கு 6எச் என்ற பொருத்தத் தரத்தில் உள்விட்டம் 8.376-இலிருந்து 8.676 வரை இருக்கலாம். 8.75 எல்லையைத் தாண்டிவிட்டது. மரை ஆழமில்லாமல் நிற்கும். கேஜ் நுழைந்தாலும் போல்ட்டைப் பிடிக்கும் வலு குறைவு.

துளை பெருப்பதற்கு முதல் காரணம், ட்ரில்லின் இரண்டு வெட்டு விளிம்புகளும் ஒரே உயரத்தில் இல்லாதது. ஒன்று உயர்ந்திருந்தால் அது மட்டும் வெட்டும், ட்ரில் தன் நடுவை விட்டு விலகிச் சுற்றும். இதை வீட்டுக்கு வந்த சரக்கிலேயே பிடித்துவிடலாம். ட்ரில்லின் ஷாங்கை வி பிளாக்கில் படுக்க வைத்து, பின்னால் ஒரு ஸ்டாப்பர் கொடுத்து, வெளி மூலைக்குச் சற்று உள்ளே விளிம்பின் மேல் டயலின் முள்ளை வையுங்கள். அளவைக் குறித்துக்கொண்டு, ஸ்டாப்பரில் அழுத்தியபடியே 180 டிகிரி திருப்பி மற்ற விளிம்பைப் பாருங்கள். 8.5 மில்லி ட்ரில்லில் வித்தியாசம் 0.02-க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். அது சரியாக இருந்தும் துளை பெருத்தால் கொலெட்டை (டூலைப் பிடிக்கும் வளையம்) சந்தேகப்படுங்கள். ஸ்பிண்டிலில் மாட்டிய நிலையில் ட்ரில் நடுவை விட்டு ஆடும் ஓட்டம் 0.015-க்கு மேல் போகக் கூடாது. பல நேரங்களில் கொலெட்டுக்குள் சிக்கிய ஒரு பிசிறுக்காகச் சாணைக்காரர் திட்டு வாங்குகிறார்.

இரண்டாவது காரணம் நடுமுனை. ட்ரில்லின் உச்சியில் இரண்டு விளிம்புகளையும் இணைக்கும் குறுக்குக் கோடு உலோகத்தை வெட்டுவதில்லை, நசுக்கித்தான் தள்ளுகிறது. அது நீளமாக இருந்தால் ட்ரில் ஜாபில் இறங்கும் கணத்தில் வழுக்கி அலையும், அழுத்தமும் கூடும். எச்.எஸ்.எஸ். ட்ரில்களில் ஷாங்க் பக்கம் போகப் போக நடுத்தண்டு தடிக்கும். அதனால் ஒவ்வொரு சாணையிலும் குறுக்குக் கோடு நீண்டுகொண்டே போகும். முனையைத் தேய்த்ததும் நடுவை மெலிய வைக்கும் வேலையைச் செய்யாமல் விட்டால் பாதிச் சாணைதான் ஆகியிருக்கிறது. 8.5 மில்லிக்குக் குறுக்குக் கோடு 0.85-க்குள் நிற்கட்டும். அது நடுவில் நிற்பதும் முக்கியம்.

ட்ரில்லில் எவ்வளவு நீளம் எடுப்பது என்பதை மூலை சொல்லும். முனைச் சரிவில் உள்ள தேய்மானம் ஒரு மில்லியில் நூறில் சில பங்கு எடுத்தாலே போய்விடும். ஆனால் வெளி மூலையில், ட்ரில்லின் பக்கவாட்டு மார்ஜின் (துளைச் சுவரைத் தொடும் குறுகிய பட்டை) மீது, தேய்மானம் மேல்நோக்கி ஏறியிருக்கும். ட்ரில்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், மூலையிலிருந்து மார்ஜினில் ஒரு மங்கலான ஆப்பு வடிவம் தெரியும். அதன் நீளம் 0.8 என்றால் 0.8-உம் போக வேண்டும், கூட ஒரு 0.1-உம். பாதியில் நிறுத்தினால் பார்வைக்குப் புது முனை, ஆனால் மூலை தலைகீழ்ச் சரிவோடு துளையை இறுக்கிப் பிடிக்கும். கீச்சென்று சத்தம் வரும், மூலை எரியும். சாணை பிடித்த ட்ரில் சீக்கிரம் போவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

நீளம் குறைவதால் விட்டம் குறையுமா என்று சிலர் பயப்படுவார்கள். ட்ரில் பின்னால் போகப் போக மெலிவது உண்மை, ஆனால் ஒரு மில்லி நீளத்துக்கு ஒன்றிரண்டு மைக்ரானுக்குள்தான். எல்லையை நிர்ணயிப்பது ஃப்ளூட் நீளம். துளையின் ஆழத்தோடு விட்டத்தின் ஒன்றரை மடங்கு ஃப்ளூட் மிச்சம் இருக்க வேண்டும், இல்லையென்றால் சுருள் வெளியேற வாயில்லை. 25 மில்லி ஆழத் துளைக்கு 25-உம் 12.75-உம் சேர்த்து 38 மில்லி. ஃப்ளூட் 47 மில்லி என்றால் செலவழிக்க 9 மில்லி கையில் இருக்கிறது. ஒரு சாணைக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லி போனால் ஆறு தடவை தாராளமாகக் கிடைக்கும். மூலை உடைந்து 4 மில்லி போனால் இரண்டு மூன்றோடு சரி. உள்துளை வழியாகக் கூலண்ட் வரும் ட்ரில்லாக இருந்தால், திரும்பி வந்ததும் அந்தத் துளைகளை ஊதிப் பாருங்கள். கிரைண்டிங் சேறு அடைத்துக்கொண்டு வருவது சகஜம்.

புதியதில் மூன்றில் ஒரு பங்கு ஆயுள்தான் என்பதற்கு வருவோம். இங்கே இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன.

ஒன்று, கோட்டிங். விட்டத்தை இறக்கினால் பின்முகத்தின் (விளிம்புக்குப் பின்னுள்ள சரிவின்) கோட்டிங் போகும், ஃப்ளூட்டையும் தேய்த்தால் சுருள் உரசும் முன்முகத்தினதும் போகும். எஃகில், புது டூலின் வேகத்திலேயே வெறும் கார்பைடை ஓட்டினால் அது தாங்காது. கோட்டிங் இல்லாமல் வாங்கினால் வெட்டு வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்குங்கள். ட்ரில்லில் நிலைமை கொஞ்சம் நல்லது. முனையை மட்டும்தான் தேய்க்கிறோம், ஃப்ளூட்டின் உள்ளே கோட்டிங் அப்படியே இருக்கிறது, சுருள் உரசும் முன்முகம் அதுதான். அதனால் ட்ரில்லைக் கோட்டிங் இல்லாமலும் ஓரளவு ஓட்டலாம். எண்ட் மில்லுக்கு, எஃகு வேலை என்றால், மறு கோட்டிங்கோடுதான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு அல்லது அலுமினியம் குரோமியம் நைட்ரைடு, 2 முதல் 4 மைக்ரான். பழைய கோட்டிங்கின் மேலேயே திரும்பத் திரும்ப அடுக்கினால், தேய்க்காத இடங்களில் தடிமன் கூடி அப்பளம் போலப் பெயரும். இரண்டு மூன்று அடுக்குக்குப் பிறகு ரசாயனத்தில் உரித்துவிட்டுப் போட வேண்டும். உரிக்கும் குளியல் கார்பைடின் கோபால்ட்டையும் அரிக்கும் என்பதால் அது அனுபவமுள்ளவர்கள் கையில்தான் நடக்க வேண்டும்.

மற்றது பலர் கவனிக்காதது: விளிம்பைப் பக்குவப்படுத்துவது. வீலிலிருந்து அப்போதுதான் இறங்கிய விளிம்பு கையில் ஷேவிங் பிளேடு போல இருக்கும், மைக்ராஸ்கோப்பில் ரம்பம் போல இருக்கும். வீலின் ஒவ்வொரு டயமண்ட் துகளும் ஒரு கீறல் போட்டு, விளிம்பில் ஒரு பல்லை விட்டுச் சென்றிருக்கும். அந்தக் குட்டிப் பற்கள் முதல் சில உருப்படியிலேயே உதிரும், உதிரும்போது பக்கத்துக் கார்பைடையும் இழுத்துக்கொண்டு போகும். கோட்டிங்கும் கத்தி முனையில் பிடித்து நிற்காது, உள் அழுத்தத்தால் அதுவே வெடித்து உரியும். அதனால் சாணைக்கும் கோட்டிங்குக்கும் நடுவில் விளிம்பை ஹோனிங் செய்து லேசாக உருட்ட வேண்டும். எஃகுக்கான எண்ட் மில்லில் 10 முதல் 15 மைக்ரான், ட்ரில்லில் 20 முதல் 30 மைக்ரான். நைலான் பிரஷ், வெட் பிளாஸ்டிங் என்று வழிகள் உண்டு. அலுமினிய வேலைக்கு மட்டும் இது வேண்டாம், அங்கே கூர்மைதான் தேவை. அனுப்பும் சீட்டில் எந்த உலோகத்துக்கு என்று எழுதாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? டூலின் அளவு, வெட்டும் உலோகம், ஸ்லாட்டா பக்கவாட்டா, கார்னர் ரேடியஸ், ஹோனிங், கோட்டிங், குறைந்தபட்சம் ஏற்றுக்கொள்ளும் விட்டம் ஆகியவற்றை ஒவ்வொரு லாட்டுக்கும் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு டூலையும் தனித்தனிப் பிளாஸ்டிக் குழாயில் போட்டு அனுப்புங்கள். கார்பைடோடு கார்பைடு மோதினால் இரண்டும் பெயரும்.

லாபம் உண்டா என்பதை இப்படிப் பாருங்கள். புது டூலின் விலை 100, ஆயுள் 100 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். சாணையும் கோட்டிங்கும் சேர்த்து 35, ஆயுள் 85 நிமிடம். மூன்று சாணை பிடித்தால் மொத்தச் செலவு 205, மொத்த ஆயுள் 355 நிமிடம், நிமிடத்துக்கு 0.58. புதிது மட்டும் வாங்கினால் 1. உங்கள் உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள். டூல் மாற்றும் நேரத்தையும் சேர்க்க மறக்காதீர்கள். கோட்டிங் இல்லாத மலிவுச் சாணை 25-க்குக் கிடைத்து 33 நிமிடம் உழைத்தால் காகிதத்தில் அதுவும் லாபம்தான். ஆனால் ஒரு தடவை நிற்கும் இடத்தில் மெஷின் மூன்று தடவை நிற்கும், அந்த நேரம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். 6 மில்லிக்குக் கீழான எண்ட் மில்களில் இந்தக் கணக்கு பெரும்பாலும் நிற்காது. அவற்றை விட்டுவிடுங்கள்.

சொந்த கிரைண்டர்: மூன்று மெஷின் அளவுக்கு ஐந்து அச்சு சி.என்.சி. டூல் கிரைண்டர் வேண்டாம். ஃப்ளூட்டையும் சரிவுகளையும் சேர்த்து மீட்க அது தேவை, ஆனால் அதற்கு நாள் முழுதும் வேலை கொடுக்க உங்களால் முடியாது. ட்ரில் முனைக்கு மட்டும் ஒரு நல்ல ட்ரில் கிரைண்டர் வாங்குங்கள். முனைக் கோணத்தையும் நடு மெலிவையும் இரண்டையும் செய்வதாக, 140 டிகிரி வைக்கக் கூடியதாக இருக்கட்டும். கார்பைடுக்கு ரெசின் பாண்ட் டயமண்ட் வீல், டி64 அளவுத் துகள் பொது வேலைக்கு, அதைவிட நுண்ணிய டி46 ஃபினிஷுக்கு. வேகம் நொடிக்கு 18 முதல் 22 மீட்டர், அதாவது 100 மில்லி வீலுக்கு 3,800 ஆர்.பி.எம். அளவில். ஒரு ஓட்டத்துக்கு 0.01 முதல் 0.02 மில்லிக்கு மேல் இறக்காதீர்கள். வீல் பளபளத்து வெட்டாமல் உரசினால் வெள்ளை அலுமினியம் ஆக்சைடு குச்சியால் திறந்துவிடுங்கள். கார்பைடு சூடானால் தண்ணீரில் முக்கவே கூடாது. விளிம்புக்குக் குறுக்காக மயிரிழை விரிசல்கள் ஓடும், கண்ணுக்குத் தெரியாது, முதல் வெட்டில் தெரியும். எச்.எஸ்.எஸ்.ஸுக்கு அதே டயமண்ட் வீலைப் பயன்படுத்தாதீர்கள். சூட்டில் டயமண்டின் கார்பன் இரும்பில் கரைந்து வீல் வீணாகும். அதற்கு சி.பி.என். (கியூபிக் போரான் நைட்ரைடு) அல்லது வெள்ளை அலுமினியம் ஆக்சைடு வீல்.

தூசியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். கார்பைடுத் தூசியில் கோபால்ட் இருக்கிறது. தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழும் நோய் வரும், அது திரும்பச் சரியாவதில்லை. டங்ஸ்டன் கார்பைடோடு சேர்ந்த கோபால்ட்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கப் பெரும்பாலும் வாய்ப்புள்ளது என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. வீலின் வாயிலேயே தூசி உறிஞ்சி, அதில் ஹெப்பா ஃபில்டர், கிரைண்டரை ஏர் கன்னால் ஊதுவது அறவே இல்லை, காய்ந்த துடைப்பமும் இல்லை. இதற்கு ஏற்பாடு இல்லையென்றால் கிரைண்டரே வேண்டாம்.

மாட்யூல் கட்டரில் நடந்தது தெளிவாகத் தெரிகிறது. வெளிமுகத்தில் தேய்த்திருக்கிறார்கள். அந்த வகைக் கட்டரின் பல், முன்னிருந்து பின் வரை ஒரே வடிவத்தோடு மெல்ல இறங்கிப் போகும்படி செய்யப்பட்டது. முன்முகத்தை மட்டும் தேய்த்தால் எத்தனை சாணை ஆனாலும் வடிவம் மாறாது. வெளியே தொட்டால் போயிற்று. முன்முகம் கட்டரின் நடுவை நோக்கியே நிற்க வேண்டும். நடுவை விட்டுச் சாய்ந்தாலும் பல்லின் வடிவம் சிதையும். தேய்த்த பிறகு மாண்ட்ரலில் (கட்டரைத் தாங்கும் தண்டில்) ஏற்றி ஒவ்வொரு பல்லின் உச்சியையும் டயலில் பாருங்கள், 0.03-க்குள் இருந்தால் நல்லது. உயர்ந்து நிற்கும் பல்லின் முன்முகத்தில் இன்னும் கொஞ்சம் எடுத்தால் அது தானே இறங்கிவிடும். உங்கள் கட்டரில் வெளிமுகத்தைத் தொட்டது விளிம்பை ஒட்டி ஒன்றிரண்டு மில்லி வரைதான் என்றால், அதைத் தாண்டும் வரை முன்முகத்தைத் தேய்த்து மீட்கலாம். பல்லின் முழு முதுகும் போயிருந்தால் மீட்க வழியில்லை.

டப்பாவில் கிடக்கும் நாற்பதை, முதலில் 50 முதல் 60 டிகிரி சூட்டில் சோப்புக் கரைசலில் கழுவி, உலர்த்தி, பத்து மடங்குக் கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடி 10 மில்லிக்குள் மட்டும் சேதமுள்ள எண்ட் மில்களை அறுத்து முனை போட ஒதுக்குங்கள். உயரம் முழுக்கச் சீராகத் தேய்ந்து, பட்டை 0.3-க்குள் இருப்பவை விட்டம் இறக்க. ட்ரில்களில் ஃப்ளூட் 40 மில்லிக்கு மேல் மிச்சமுள்ளவை சாணைக்கு. அதற்குக் குறைந்தவற்றை ஆழமில்லாத துளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஃப்ளூட்டில் குறுக்கு விரிசல் தெரிந்தாலோ, ஷாங்க் சுழன்று கீறியிருந்தாலோ, மேல் பகுதியில் அரை மில்லிக்கு மேல் ஆழமாகப் பெயர்ந்திருந்தாலோ அது கழிக்க வேண்டிய சரக்கு. ஏற்கெனவே 11.6 ஆகி வந்தவற்றில் மிஞ்சியதைத் தூக்கி எறியாதீர்கள். இரண்டாவது சரிவை இறக்கி, ஃப்ளூட்டைத் திறந்து, கோட்டிங் போட்டால் பக்கவாட்டு ரஃபிங்குக்கு நன்றாக ஓடும். கழித்த கார்பைடைத் தனி டின்னில் சேருங்கள். அதை நசுக்கியும் கரைத்தும் டங்ஸ்டனைத் திரும்ப எடுக்கிறார்கள், எடைக்கு நல்ல மதிப்பு உண்டு. எச்.எஸ்.எஸ். துண்டு கலந்தால் அந்த மதிப்பு விழும். எது எது என்று சந்தேகம் வந்தால் கையில் தூக்கிப் பாருங்கள். அதே அளவுத் துண்டில் கார்பைடு ஏறத்தாழ இரு மடங்கு கனக்கும்.